ஆள் இருக்கு

மணி பன்னெண்டு ஆவ அஞ்சு நிமிஷம்... பகல் பன்னெண்டு. சிரிக்காத அமல்தாசு. பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான்னு உனக்கு எவன் சொன்னான்? உச்சி வெயில்ல ஒத்த ரோட்டுல போய்ப் பாரு, தெரியும். நம்ம நெழலே காலுக்கடியில போய் ஒளிஞ்சிக்கற நேரம்டா அது.

பாகூர் ஏரிக்கரைய விட்டு எறங்குனா, சேலியமேட்டுப் பக்கமா ஒரு மண்ரோடு போவும். ரெண்டு பக்கமும் கரும்பு, ஆளுக்கு மேல ஒசரம். காத்தே இல்ல... ஆனா தோக மட்டும் சரசரன்னு சத்தம் போடுது. உள்ளுக்குள்ள யாரோ கூடவே நடந்து வர்ற மாதிரி. அந்த ரோட்டுல ஒரு பொண்ணு ஸ்கூட்டியில போறா. தனியா. கையில மோட்டார் கொட்டாய் சாவி. அவ அப்பா செத்து அன்னிக்கு முப்பத்தி நாலாம் நாளு.

யாருன்னு கேக்கறியா? போன வருஷம் வேலைய விட்டுட்டுப் போனானே நம்ம ராஜ்மோகன்... அவனோட சித்தி பொண்ணு. பேரு அருள்மொழி. நம்மள மாதிரியே கம்ப்யூட்டர் கம்பெனியில கோடு எழுதறவ. இந்த ராத்திரி டூட்டியில நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அந்தப் புது சுவிட்ச் போட. கரண்டும் வர்ற மாதிரி தெரியல. கிட்ட வந்து உக்காருங்க. போன் லைட்ட அணைங்கப்பா... கண்ணு கூசுது.

அவ வேல பாத்தது வில்லியனூர்ல ஒரு சின்ன கம்பெனி. மாடியில ரெண்டு ரூமு, ஆறு பேரு. விவசாயிங்க வூட்ல உக்காந்துக்கிட்டே போன்ல மோட்டார் போடலாம், நிறுத்தலாம்... அந்த மாதிரி ஒரு ஆப். மொத கஸ்டமரு யாருன்னா, இவ அப்பா உலகநாதன்தான். அவருக்கும் அவரு தம்பி தமிழ்க்குமரனுக்கும் ஒரே போர் கெணறு, ஒரே மோட்டாரு. அண்ணனுக்கு ஒரு நாளு, தம்பிக்கு ஒரு நாளுன்னு மொற வச்சிப் பாய்ச்சறாங்க. மோட்டாரு கொட்டாய்க்குள்ள ஒரு குழியில கெடக்கு. பன்னெண்டு அடி ஆழம். இரும்பு ஏணியில எறங்கணும். கீழ எப்பவும் கணுக்கால் தண்ணி.

அந்தக் காலத்துல இருந்து ஒரு பழக்கம் உண்டு. குழியில எறங்கறவன், எறங்கறதுக்கு முன்னாடி சுவத்துல இருக்கற கரண்டுப் பெட்டியத் தெறந்து பீஸ் கட்டைங்க மூணையும் கயட்டி மடியில கட்டிக்குவான். வெள்ளப் பீங்கான் கட்ட. அது அவன் மடியில இருக்கற வரைக்கும் எவன் வந்து எந்த பட்டன அமுக்குனாலும் மோட்டாரு ஓடாது. ஏறி வந்தப்புறம் அவனே மாட்டுவான். உலகநாதன் நாப்பது வருஷமா அப்படித்தான் எறங்குனாரு.

அருள்மொழிதான் ஒரு நாளு சொன்னா. "இன்னாப்பா நீ, ஆப் வச்சிக்கினு கட்டையக் கயட்டிக்கினு... வயசான காலத்துல ஷாக் அடிச்சா? இதுல ஒரு பட்டன் வச்சிருக்கேன் பாரு. 'ஆள் இருக்கு'ன்னு. எறங்கறதுக்கு முன்னாடி இத அமுக்கு. நீ ஏறி வந்து 'வெளிய வந்துட்டேன்'னு அமுக்கற வரைக்கும் யாரு போன்ல இருந்தும் மோட்டாரு ஓடாது. நான் எழுதினதுபா. என்னை நம்ப மாட்டியா?"

பொண்ணு கேட்டா எந்த அப்பன் நம்பாம இருப்பான்? அன்னியில இருந்து அவரு கட்டையக் கயட்டறத விட்டுட்டாரு.

இப்ப நம்ம தொழில் விஷயம் ஒண்ணு. நமக்குத் தெரிஞ்சதுதான், ஆனா இந்தக் கதைக்கு அதான் உசுரு, அதனால சொல்றேன். புதுசா எழுதின கோட அப்படியே ஊருக்கு விட்டுட மாட்டாங்க. உள்ள வச்சிட்டு, வெளிய ஒரு சுவிட்ச் வப்பாங்க. டாகிள். போட்டா அந்த வசதி வேல செய்யும். அணைச்சா செய்யாது. ஆனா கோடு எங்கயும் போவாது... உள்ளயே கெடக்கும். தூங்கும். அந்த 'ஆள் இருக்கு' பூட்டுக்கும் அப்படி ஒரு சுவிட்ச் இருந்துச்சி.

அந்த சுவிட்சுங்க எல்லாம் ஒரு வெளிக் கம்பெனியோட டாஷ்போர்டுல இருக்கும்... சுவிட்ச் பலகைன்னு வச்சிக்க; அதுக்கு ஆளுக்கு ஒரு லாகின் காசு குடுத்து வாங்கணும். அந்தக் கம்பெனி மொதலாளி மகா சிக்கனம். ஒண்ணே ஒண்ணு வாங்கனாரு. மொதல்ல பதிஞ்சது அருள்மொழி, அதனால அவ பேர்ல. ஆறு பேருக்கும் அதே பாஸ்வேர்டு. யாரு எந்த சுவிட்ச தொட்டாலும் பதிவுல விழற பேரு ஒண்ணுதான்... அருள்மொழி. எல்லாருக்கும் இது தெரியும். எவனும் இத ஒரு விஷயமா நெனைக்கல. நம்ம ஆபீசுலயும் அதான் நடக்குது... சரி, அத விடு.

அவளுக்குப் பக்கத்து சீட்டு அர்ச்சனா. ஒதியம்பட்டுப் பொண்ணு. அப்பா இல்லாத பொண்ணு. ரெண்டு பேரும் காலேஜ்ல இருந்து ஒண்ணா சுத்தறவங்க. ஒரே டிபன் பாக்சு. அர்ச்சனா உலகநாதன 'அப்பா'ன்னுதான் கூப்புடுவா. அவரும் கத்திரிக்கா அறுத்தா ரெண்டு பையி கட்டுவாரு, "இது அந்தப் பாப்பாவுக்கு"ன்னு. அப்படிப்பட்ட பழக்கம்.

மாசி மாசம், ஒரு செவ்வாக்கெழம. பன்னெண்டு பத்துக்கு உலகநாதன் 'ஆள் இருக்கு' அமுக்கறாரு. எறங்கறாரு. கீழ தண்ணியில நின்னுக்கிட்டு மோட்டாரு மூடியக் கயட்டி, ஒயர முடுக்கறாரு. பன்னெண்டு இருவதுக்கு தமிழ்க்குமரன் தன் வூட்ல சோறு துன்னுக்கிட்டே, நம்ம மொறதானேன்னு போன்ல பச்ச பட்டன அமுக்கறாரு. அண்ணன் உள்ள இருந்தா ஆப் தடுக்கும்னு அவருக்கும் தெரியும்.

ஆப் தடுக்கல. மோட்டாரு ஓடுச்சி...

கொட்டாய்ல இருந்து ஒரு சத்தம் கூட வரலியாம். பக்கத்து வயல்ல களை எடுத்தவங்க சொன்னது அது. மோட்டாரு சத்தம் மட்டும் ஒரு மாதிரி இழுத்து இழுத்து வந்துச்சாம். அப்புறம் ரப்பர் கருகற நாத்தம்.

மூணாம் நாளு. வூடு முழுக்க சனம். அர்ச்சனாதான் அழுது பொரண்டவ... பெத்த பொண்ண விட. அன்னிக்கு சாய்ங்காலம் அவ அருள்மொழிய பின்கட்டுக்கு இழுத்துக்கினு போனா. கட்டிப் புடிச்சிக்கிட்டா. காதுல சொன்னா.

"நான் பதிவப் பாத்தேன்டி... அந்த சுவிட்ச் அணைஞ்சி இருந்துச்சி. காலையில பத்தரைக்கு. நீ டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தியே... அணைச்சிட்டு மறந்துட்டடி. நான் யாருகிட்டயும் சொல்லல. சாவற வரைக்கும் சொல்ல மாட்டேன். நீ கவலப்படாத."

அருள்மொழிக்கு ஞாபகம் இருந்துச்சி. பத்தரைக்கு அவ டெஸ்ட் பண்ணது உண்ம. அணைச்சதும் உண்ம. திரும்பப் போட்டாளா? போட்டேன்னுதான் நெனச்சா. ஆனா ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த தலைக்கு என்ன நிச்சயம்? பதிவத் தெறந்து பாக்க அவளுக்குக் கை வரல. அப்பாவக் கொன்ன நேரத்த எவ போய்ப் பாப்பா? அர்ச்சனா தோள்லயே சாஞ்சி அழுதா. இப்படி ஒரு தோழி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு நெனச்சாளாம் பாவி மவ.

பொத்தி வச்சா நெஞ்சு வெடிச்சிடும் இல்லியா... அன்னிக்கு ராத்திரியே அம்மாகிட்ட சொல்லிட்டா. "நான்தாம்மா அணைச்சேன். நான்தான் கொன்னேன்." ஜெயா அம்மா எழுந்து போய்ப் படுத்துக்கிட்டாங்க. அன்னியில இருந்து பேச்சு இல்ல. தட்டுல சோறு வப்பாங்க, தண்ணி வப்பாங்க... வாய் தெறக்க மாட்டாங்க. ஒரே வூடு. ரெண்டே பொம்பளைங்க. யோசிச்சிப் பாரு.

பதினாறாம் நாளு கருமாதி முடிஞ்சிது. பதினேழாம் நாளு...

தமிழ்க்குமரன் போன் பண்றாரு. கொரலே சரியில்ல. "பாப்பா... மோட்டாரு ஓட மாட்டேங்குது. ஆப்புல ஒண்ணு காட்டுது. நீயே பாரு."

பாத்தா. 'ஆள் இருக்கு. உலகநாதன். 12.10 முதல்.'

அவரு போனு அவரோடவே குழியில வுழுந்து செத்துப் போச்சி. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பீரோவுல கெடக்கு. சரி, ஏதோ பழைய பதிவு சிக்கிக்கிச்சின்னு நெனச்சா. ஆனா அந்த பூட்டுக்கான சுவிட்ச சாவு விழுந்த வாரமே மொதலாளி நிரந்தரமா அணைக்கச் சொல்லிட்டாரு. அர்ச்சனாதான் அணைச்சா. அணைச்ச சுவிட்ச்ல பூட்டு எப்படி வுழும்?

ரெண்டு மணி நேரம் கழிச்சி தானா தெறந்துக்கிச்சி. மறுநாளும் பன்னெண்டு பத்துக்கு வுழுந்துச்சி. அதுக்கு மறுநாளும்.

அர்ச்சனா சுவிட்சையே எடுத்துட்டா. வுழுந்துச்சி. அப்புறம் உள்ள இருந்த கோட ஒரு வரி விடாம அழிச்சா. அருள்மொழி எழுதுன நானூத்து சொச்சம் வரி. இப்ப சுவிட்சும் இல்ல, கோடும் இல்ல. மறுநாள் பன்னெண்டு பத்துக்கு... 'ஆள் இருக்கு.'

என்ன அமல்தாசு, பழைய பதிவு உள்ளயே தேங்கி நிக்குமே, அந்த கேஷா? அவங்களும் அதான் சொன்னாங்க. எல்லாத்தையும் கழுவி ஊத்திப் பாத்துட்டாங்க.

தமிழ்க்குமரன் ஒரு நாளு கடுப்புல நேரா கொட்டாய்க்கே போனாரு, கையால பச்ச பட்டன அமுக்கிடலாம்னு. பூட்டத் தெறந்தாரு. பெட்டியத் தெறந்தாரு. உள்ள பீஸ் கட்ட மூணும் இல்ல. குழி ஓரமா தரையில இருந்துச்சி... வரிசையா... ஈரமா. மடியில கட்டறதுக்கு முன்னாடி அண்ணன் கயட்டி வப்பாரே, அதே மாதிரி. மனுஷன் கதவக் கூட சாத்தாம ஓடி வந்தவரு. மறுநாளு சாவிய அருள்மொழி கையில குடுத்துட்டாரு. "உங்கப்பா இன்னும் ஏறி வரலம்மா"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அதான் அந்த முப்பத்தி நாலாம் நாளு அவ அந்த ரோட்டுல போனது.

கொட்டாய்க்குப் போய்ச் சேந்தப்ப பன்னெண்டு அஞ்சி. சித்தப்பா சாத்தாம ஓடி வந்த கதவு... பூட்டு நல்லாதான் பூட்டியிருக்கு. தெறந்தா. உள்ள இருட்டு இல்ல... ஓட்டு இடுக்குல வெயிலு கோடு கோடா வுழுது. கிரீசு வாசன. ஈர மண்ணு வாசன. அதுக்கு நடுவுல இன்னொண்ணு... பொகையில. அவ அப்பா வாய்ல எப்பவும் இருக்குமே, அந்தப் பொகையில. அவரு செத்து ஒரு மாசம் ஆன கொட்டாய்ல, இப்பதான் துப்பின மாதிரி.

பெட்டியத் தெறந்தா. கட்ட மூணும் இல்ல.

போன்ல மணி பாக்கறா. ஒம்பது... பத்து.

டிங்... டிங்... டிங்...

கீழ இருந்து. இரும்பு மேல ஸ்பானர் தட்டற சத்தம். மூணு தட்டு. அப்புறம் ஒரு செருமல். திரும்ப மூணு தட்டு. அந்தச் செருமல அவளுக்குப் பொறந்ததுல இருந்து தெரியும்.

அவ ஓடலடா. நானா இருந்தா ஓடியிருப்பேன். நீயும்தான். அவ அப்படியே குழி ஓரத்துல முட்டி போட்டு உக்காந்துட்டா. எட்டிப் பாத்தா தண்ணி மட்டும்தான் தெரியுது. ஆனா தண்ணி ஆடுது... யாரோ கால மாத்தி நின்ன மாதிரி.

"அப்பா... நான்தான்பா அணைச்சிட்டேன். தெரியாம பண்ணிட்டேன்பா. என்ன மன்னிச்சிடுபா... ஏறி வந்துடுபா..."

சத்தம் நின்னுச்சி.

 வெளிய கரும்புத் தோகையும் நின்னு போச்சி. அப்ப கையில இருந்த போனு ஒரு தடவ அதிருது. பாக்கறா. 'ஆள் இருக்கு. உலகநாதன். 12.10 முதல்.' பாத்துக்கினே இருக்கா... அந்த நேரம் மாறுது. அவ கண்ணு முன்னாடி. பன்னெண்டு பத்து போயி... '11.52 முதல்.'

பதினொன்னு அம்பத்திரண்டா? அது என்ன நேரம்? அவளுக்கு ஒண்ணும் புரியல. கீழ ஒரே ஒரு தட்டு... டிங். வாத்தியாரு மேசையில தட்டறாரே, 'நல்லா யோசி'ன்னு... அந்த மாதிரி.

அவ போன்ல பழைய அழைப்பெல்லாம் தள்ளித் தள்ளிப் போறா. அந்த செவ்வாக்கெழம. 'அப்பா. 11.50. ஆறு நிமிஷம்.'

ஞாபகம் வந்துடுச்சி. அப்பா பேசினாரு. "மூடியக் கயட்டி ஒயரு முடுக்கணும் கண்ணு. கட்டையக் கயட்டிடட்டா, பட்டனே போதுமா?" "பட்டனே போதும்பா"ன்னு இவ சொன்னா. அப்புறம் ஊர்க்கத. ஆபீசு உள்ள சிக்னல் எடுக்காது. லேப்டாப்ப தெறந்தபடியே வச்சிட்டு மாடிப்படியில போய் நின்னுதான் பேசினா. ஆறு நிமிஷம். உள்ள, அவ சீட்டுக்குப் பக்கத்துல இருந்தது ஒரே ஆளு.

வண்டிய எடுத்தா. வில்லியனூர் வர்ற வரைக்கும் எங்க திரும்பனா, எங்க நின்னான்னு அவளுக்குத் தெரியாது.

ஆபீசுல எல்லாரும் சாப்புடப் போயிட்டாங்க. அர்ச்சனா மட்டும் சீட்டுல உக்காந்து டிபன் பாக்ஸத் தெறந்து வச்சிக்கினு இருக்கா. "எங்கடி போன? உனக்கும் சேத்துதான் எடுத்தாந்தேன்"னா. இவ நின்னுக்கிட்டே பலகையத் தெறந்தா. சுவிட்ச எடுத்தாலும் பதிவு போவாது, அது அந்த சுவிட்ச் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கும். மொத மொறையா அன்னிக்குப் பாக்கறா.

பத்து முப்பது... அணைத்தது அருள்மொழி. பத்து முப்பத்தி மூணு... போட்டது அருள்மொழி. போட்டிருக்கா! அவ போட்டிருக்கா. அதுக்குக் கீழ... பதினொன்னு அம்பத்திரண்டு. அணைத்தது அருள்மொழி. பன்னெண்டு முப்பத்தி எட்டு. போட்டது அருள்மொழி.

பதினொன்னு அம்பத்திரண்டுக்கு அவ மாடிப்படியில. பன்னெண்டு முப்பத்தி எட்டுக்கு, சித்தப்பா போன் வந்து, கத்திக்கிட்டே பாகூருக்கு வண்டி ஓட்டிக்கினு இருந்தா.

அர்ச்சனா அந்த ஸ்கிரீனப் பாத்தா. கையில இருந்த ஸ்பூன கீழ வச்சா. பொய் சொல்லல... அதுக்கு நேரம் இல்ல.

"கால் மணி நேரத்துக்குன்னுதான்டி அணைச்சேன். திருபுவனை பக்கத்துக் கஸ்டமரு போன்ல கத்தறான், ஆளுங்க 'வெளிய வந்துட்டேன்' அமுக்க மறந்துடறானுங்க, மோட்டாரு ஓடலன்னு. அவனுக்கு மட்டும்னு நெனச்சிதான் அணைச்சேன். எல்லாருக்கும் அணைஞ்சிட்டுது. சாப்ட்டு வந்து போட்டுடலாம்னு..."

"அத ஏன்டி என் தலையில போட்ட?"

அர்ச்சனா அழல. அதான் இவளுக்கு இன்னிக்கும் ஆறலியாம். ரொம்ப நிதானமா, கணக்கு சொல்லிக் குடுக்கற மாதிரி சொன்னாளாம்.

"யோசிச்சிப் பாரு. நான்னா கேசு ஆயிருக்கும். போலீசு, கோர்ட்டு... எங்கம்மா தனி ஆளு. நீன்னா வூட்டோட போயிடும். பெத்த பொண்ண யாரு ஜெயில்ல போடப் போறா? உங்கப்பாதானடி..."

உங்கப்பாதானடி. 'அப்பா'ன்னு கூப்புட்ட வாயி.

எனக்கு பேய விட இந்த எடம்தான்டா குலை நடுங்குது. முப்பது நாளு இவ அந்தத் தோள்ல சாஞ்சி அழுதிருக்கா. 'என்னக் காப்பாத்தறாளே'ன்னு நன்றியா இருந்திருக்கா. அந்த நன்றியயும் அர்ச்சனா வாங்கிக்கிட்டிருக்கா.

அன்னிக்கு ராத்திரி அருள்மொழி அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னா. நான் இல்லம்மா, நான் அணைக்கலம்மான்னு கால்ல வுழுந்து சொன்னா. ஜெயா அம்மா கேட்டுக்கினே இருந்தாங்க. அப்புறம் அந்த ஒரு மாசத்துல மொத மொறையா வாயத் தெறந்தாங்க.

"கட்டையக் கயட்டாத, என் பட்டன நம்புன்னு அவருகிட்ட சொன்னது யாரு?"

அவ்வளவுதான். எழுந்து போயிட்டாங்க. 

மறுநாளு. பன்னெண்டு பத்து. ஆபீசு மாடிப்படியில நின்ன அருள்மொழிக்கு தமிழ்க்குமரன் போன் பண்ணாரு.

"பாப்பா... 'வெளிய வந்துட்டேன்'னு காட்டுச்சி. அண்ணன் பேர்ல. ஏறி வந்துட்டாரு போல..." சொல்லும்போதே அவருக்கு அழுக. இவளும் சுவத்துல சாஞ்சி நின்னுட்டா. ஆனா அவரு போன வைக்கல.  "திரும்பவும் பூட்டு வுழுந்துடுச்சும்மா... இப்ப பேரு வேற."

'ஆள் இருக்கு. அர்ச்சனா. 12.11 முதல்.'

அர்ச்சனாவுக்கு அந்த ஆப்புல கணக்கே கெடையாது. வயல் இல்ல, மோட்டாரு இல்ல. அருள்மொழி உள்ள ஓடி வந்து பலகையத் தெறந்து பாத்தா... எடுத்துப் போட்ட அந்த சுவிட்ச் திரும்ப வந்து உக்காந்திருக்கு. ஆன்ல. போட்டது யாருன்னு பதிவப் பாத்தா, பேரு எடத்துல ஒண்ணும் இல்ல. வெறுமனே இழுத்த ஒரு கோடு. அப்ப பக்கத்து சீட்டுல இருந்து ஒரு கத்தல். சாப்பாட்டுப் பையில கை விட்ட அர்ச்சனா, டிபன் பாக்சுக்குப் பதிலா வெளிய எடுத்தது... பீங்கான் கட்ட. ஒண்ணு... ரெண்டு... மூணு. சேறு சொட்டச் சொட்ட.

அன்னிக்கே வேலைய விட்டுட்டா. செத்துட்டாளான்னு கேக்காதீங்க, நல்லாதான் இருக்கா. மெட்ராஸ்ல பெரிய கம்பெனி. ஆனா பன்னெண்டு பத்துல இருந்து ரெண்டு பத்து வரைக்கும் எவன் போன் பண்ணாலும் எடுக்க மாட்டாளாம். அந்த நேரத்துல எங்க இருந்தான்னு கேட்டா அவளுக்கே தெரியலியாம். சாய்ங்காலம் செருப்பக் கயட்டுனா பாதம் ரெண்டும் ஊறிப் போயி வெளுத்துக் கெடக்குமாம், ரொம்ப நேரம் தண்ணியில நின்ன மாதிரி.

ஒரே ஒரு தடவ அருள்மொழிக்கு அவகிட்ட இருந்து போன் வந்துச்சி. பன்னெண்டே கால் மணி. எடுத்தா... மொதல்ல தண்ணி சத்தம். குழிக்குள்ள இருந்து பேசற மாதிரி எதிரொலி. டிங்... டிங்... டிங்... அப்புறம் ரகசியமா, பல்லு கிட்டிப் போன கொரல்ல...

"அந்த சுவிட்ச அணைச்சிடாதடி... நான் கீழ இருக்கேன்."

சாய்ங்காலம் இவ திருப்பிக் கூப்புட்டா, அர்ச்சனா எடுத்தா. "நான் உனக்குப் போனே பண்ணலியே"ன்னாளாம்.

தமிழ்க்குமரன் போன்ல அந்தப் பச்ச பட்டன் இன்னும் இருக்கு. ஒரு நாளு விட்டு ஒரு நாளு அவரு மொற. பழக்க தோஷத்துல பன்னெண்டு இருவதுக்கு அமுக்குவாரு. பூட்டு தடுக்கும். சுவிட்ச் ஆன்ல இருக்கற வரைக்கும் தடுக்கும்.

அருள்மொழி அந்த சுவிட்ச இன்னிக்கு வரைக்கும் தொட்டதே இல்ல. கோவம் இருக்கா, வஞ்சம் இருக்கா... ராஜ்மோகன் கேட்டிருக்கான். "நான் ஏன்டா தொடணும்? என் பேர்லதான் விழும்"னாளாம். ஆனா அவ தெனமும் ஒண்ணு பண்றா. பதினொன்னு அம்பதுக்கு லேப்டாப்புல அந்த சுவிட்ச் பலகையத் தெறந்து வப்பா. மவுசோட அம்புக்குறிய ஸ்கிரீனோட கோடிக்கு, மூலைக்குத் தள்ளி வப்பா. அப்புறம் எழுந்து போய் மாடிப்படியில நிப்பா. ஆறு நிமிஷம். யாருகிட்டயும் பேச மாட்டா. சும்மா நிப்பா.

திரும்பி வந்து பாப்பா. பக்கத்துல காலி நாற்காலி கொஞ்சம் திரும்பி இருக்கும்... கீழ ஈரம்... பொகையில வாசன. சுவிட்ச் ஆன்லதான் இருக்கும். ஆனா மூலையில வச்சிட்டுப் போன அம்புக்குறி அங்க இருக்காது. நேத்து வந்து நின்ன எடத்த விட இன்னிக்கு அந்த சுவிட்சுக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருக்கும்... கம்ப்யூட்டரு பழக்கமில்லாத மனுஷன் தடவித் தடவி நகத்துன மாதிரி, தெனம் கொஞ்சம்... கொஞ்சம்...

போன வாரம் ராஜ்மோகன்கிட்ட பேசினேன். இன்னும் ஒரு வெரக்கடதான் பாக்கியாம்.